தோற்க வேண்டிய ஆட்டம்

"கோச், இன்னைக்கு மட்டும் தயவுசெஞ்சு தோத்துத் தொலைங்க!"

முட்டைத் தட்டை மேசையில் வைத்துக்கொண்டே அழாத குறையாகச் சொன்னாள் பெர்னிஸ். பஃபலோ நகரில் அந்தச் சாப்பாட்டுக் கடையை நடத்துகிறவள். ஞாயிற்றுக்கிழமைக் காலையில் நிம்மதியாக நாலு வாய் சாப்பிடலாம் என்று வந்த ஹாலோரன், உள்ளூர்க் கூடைப்பந்து அணியின் பயிற்சியாளர், வசமாக மாட்டிக்கொண்டார்.

"ஏம்மா, போன வருஷம் தோத்ததுக்கு இதே தட்டைத் தூக்கி எம்மேல எறியப் பார்த்தியே?"

"அது போன வருஷம். இப்ப நாமளும் டல்சா ஊர் டீமும் ஆளுக்குப் பதினேழு ஆட்டம் ஜெயிச்சு அடியில கிடக்கோம். சாயங்காலம் நமக்குள்ளயே கடைசி ஆட்டம். தோக்கிறவன் கடைசி. கடைசியில வர்ற டீமுக்குத்தானே காலேஜ் பசங்களை எடுக்கிற குலுக்கல்ல அதிகச் சீட்டு? அந்த ஏழடி ஹிக்ஸ் பையன் மட்டும் வந்துட்டான்னா, பத்து வருஷத்துக்கு நம்ம ராஜ்ஜியம்தான்!"

பக்கத்து மேசையிலிருந்த தபால்காரர் டோனி வாயைத் துடைத்துக்கொண்டு சேர்ந்துகொண்டார். "அறுபத்து நாலு தோத்தாச்சு. கூட ஒண்ணு தோத்தா குறைஞ்சா போயிடுவீங்க கோச்?"

ஹாலோரனுக்குத் தலை சுற்றியது. நேற்று அணியின் மேலாளரும் கூப்பிட்டிருந்தார். 'நல்ல ஆட்டக்காரங்க எல்லாம் களைச்சுப் போயிருப்பாங்க, உட்கார வெச்சிடுங்க' என்றார். தோற்கச் சொல்லவில்லை. அப்படி வாய்விட்டு யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் கேட்காவிட்டால் வேலை போய்விடும் என்பது ஹாலோரனுக்குத் தெரியும். அதற்காக, முப்பது வருடமாக ஜெயிக்கச் சொல்லிக்கொடுத்த வாயால் என்ன சொல்வது? 'பசங்களா, பார்த்துத் தோற்றுவிட்டு வாருங்கள்' என்றா?

"அப்படிச் சொல்லாதீங்க."

மூலையில் தனியாக உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்த பெண் திரும்பினாள். முப்பத்தைந்து வயதிருக்கும். தலையில் பஃபலோ அணியின் நீலக் கம்பளிக் குல்லாய். கண்கள் கலங்கியிருந்தன.

"எங்கப்பா இருபத்திரண்டு வருஷம் பன்னெண்டாவது வரிசையில உட்கார்ந்து இந்த டீமைப் பார்த்தவரு. பிப்ரவரியில போய்ச் சேர்ந்துட்டாரு. கடைசி நாள் ஆஸ்பத்திரியில பேச்சே வரலை. ரேடியோவைக் காட்டி, ஜெயிச்சாங்களான்னு கையாலேயே கேட்டாரு. ஜெயிச்சுட்டாங்கப்பான்னு பொய் சொன்னேன்."

டோனி தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

"இன்னைக்கு அவர் இடத்துல நான் உட்காரப் போறேன். வேணும்னே தோக்கிறதைப் பார்க்கவா நான் வரணும், கோச்?"

பெர்னிஸ் மேலங்கியில் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "கோச், ஜெயிச்சே ஆகணும்! அந்த மனுஷனுக்காகவாவது…" என்றவள் சட்டென்று நிறுத்தினாள். "ஆனா ஹிக்ஸ் பையன்? ஐயோ, எனக்கே ஒண்ணும் புரியலையே!"

ஹாலோரன் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார்.

மாலை ஆட்டம் அதைவிடக் குழப்பம். டல்சாவின் முதல்தர ஆட்டக்காரனுக்கு வயிற்றுவலியாம். கோட்டு சூட்டோடு ஓரமாக உட்கார்ந்து சோளப்பொரி தின்றுகொண்டிருந்தான். ஆடிய மற்றவர்கள் பந்தைக் கூட்டத்துக்குள் எறிந்தார்கள். நல்ல ஆட்டக்காரர்களை உட்கார வைத்துவிட்டு ஹாலோரன் இறக்கியிருந்த பஃபலோவின் பொடியன்களும் சளைக்கவில்லை. ஆளில்லாத கூடையைக்கூடக் குறி தவறினார்கள். அரங்கத்தில் பாதிப் பேர் 'போடு!' என்றார்கள், பாதிப் பேர் 'போட்டுடாதே!' என்றார்கள். பெர்னிஸ் இரண்டையும் மாற்றி மாற்றிக் கத்தினாள்.

கடைசி ஒரு நிமிடம். பஃபலோ ஒரே ஒரு புள்ளி பின்னால். இப்படியே விட்டால் போதும், கடைசி இடம், ஹிக்ஸ், வேலை எல்லாம் கைக்குள்.

ஹாலோரன் பன்னிரண்டாவது வரிசையைப் பார்த்தார். அந்தப் பெண் குல்லாயைக் கழற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கண்ணை மூடி, உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். அவர் திரும்பி, உட்கார வைத்திருந்த தன் முதல்தர ஆட்டக்காரனின் தோளைத் தட்டினார்.

"ஸாயர், எழுந்திரு."

"கோச், எனக்குக் களைப்பாமே? காலையில மேலாளர் சொன்னாரு."

"உனக்கும் களைப்பில்ல, எனக்கும் களைப்பில்ல. போய் ஜெயிச்சுக் குடுடா!"

ஸாயர் கயிறு அவிழ்ந்த காளையாகப் பாய்ந்தான். மூன்று வினாடி மிச்சமிருக்கும்போது பந்து கூடைக்குள் விழுந்தது.

மணி அடித்ததும் அரங்கம் ஒரு நொடி திகைத்து நின்றது. சந்தோஷப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று யாருக்கும் தெரியவில்லை. பிறகு யாரோ கைதட்ட, எல்லோரும் தட்டினார்கள். டோனி தட்டிக்கொண்டே திட்டினார். மேலாளர் மாடத்திலிருந்து விடுவிடுவென்று வெளியேறினார். நாளைக்கு வேலை இருக்காது என்று ஹாலோரனுக்குப் புரிந்தது. இருந்தும் இந்த வருடத்திலேயே முதன்முறையாக அவருக்கு மனசு லேசாக இருந்தது. பன்னிரண்டாவது வரிசையை நோக்கித் தலை குனிந்து வணங்கினார்.

அந்தப் பெண்ணும் கண்ணைத் துடைத்தபடி தலையசைத்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு படியிறங்கி, வாசலோரமிருந்த பொதுத் தொலைபேசியில் காசு போட்டு, டல்சாவுக்கு எண்களைச் சுழற்றினாள்.

"அப்பா, டி.வி.யில பார்த்தீங்களா? நம்ம டீம்தான் கடைசி! ஹிக்ஸுக்கு அளவெடுத்துச் சட்டை தைக்கச் சொல்லுங்க!"