நாற்பத்தொரு குறிப்புகள்

"என் தலையில இருக்கறதை மட்டும் கேக்காதே, பெய்லிங். அதுதான் என் சோத்துக் கிண்ணம்."

சொல்லிவிட்டுக் கெங் தேஷுன் அரிசி நூடுல்ஸைச் சத்தமாக உறிஞ்சினான். சீனாவின் டோங்குவான் நகரத்து ஆலையின் கேன்டீனில் மதியக் கூட்டம் கலைந்துகொண்டிருந்தது.

எதிரே ஷாவ் பெய்லிங் லேப்டாப்பைத் திறந்து வைத்துக் காத்திருந்தாள். ஒரு ஜெர்மன் கம்பெனிக்காக அந்த ஆலை, காது கேட்கும் கருவிகளுக்கான சர்க்யூட் போர்டுகளைச் செய்து கொடுத்தது. எந்த போர்டில் எந்தப் பாகம், யார் தயாரித்தது, என்ன அளவு என்பதெல்லாம் இரு தரப்பும் திறந்து பார்க்கும் ஒரே பட்டியலில் இருந்தன. அதைப் பராமரிப்பது அவள் வேலை. அந்தப் பாகங்களை போர்டில் பொருத்தும் மெஷின் கெங்கின் பொறுப்பு.

"உங்க கிண்ணத்துல யாரும் கை வைக்கல அண்ணே. போன மாசம் அப்பா காரியத்துக்கு ஊருக்குப் போனீங்க. நாலே நாள். அறுநூறு போர்டு குப்பைக்குப் போச்சு."

"4417-ஆம் நம்பர் கெப்பாசிட்டரா?"

"அதேதான்."

கெங் சிரித்தான். "பட்டியல்ல இருக்கற மாதிரியே வெச்சிருப்பானுங்க. அது ஈயம் உருக்கற அடுப்புக்குள்ள போனதும் ஒத்தக் கால்ல நிமிந்துக்கும், கல்லறைக் கல்லாட்டம்."

"நீங்க இருந்தா மட்டும் ஏன் நிமிர்றதில்ல?"

"அதைத்தான் சொல்ல மாட்டேங்கறேன்."

"சரி, சொல்லாதீங்க. லைன்ல இருக்கற பன்னண்டு பொண்ணுங்களையும் வரிசையா நிக்க வெச்சுத் திட்டினாங்க. சின்ன ரோங் மயங்கி விழுந்துட்டா. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா ஜெர்மன்காரன் வேற ஆலை பாத்துக்குவான். அப்புறம் கிண்ணத்தை வெச்சு என்ன பண்ணுவீங்க?"

கெங் குச்சிகளைக் கீழே வைத்தான். சொந்த ஊரான ஹுனானில் அவன் மகள் அடுத்த ஆண்டு கல்லூரிப் பரீட்சை எழுத வேண்டியவள்.

"ரோங் மயங்கினது எனக்குத் தெரியாதே," என்றான். பிறகு மெல்ல, "ஈயத்தை ரெண்டு பக்கமும் ஒரே அளவா வைக்கக் கூடாது. இடது பக்கம் கொஞ்சம் குறைக்கணும். எழுதிக்கோ."

"கொஞ்சம்னா எவ்வளவு?"

"கொஞ்சம்னா கொஞ்சம். கைக்குத் தெரியும்."

"கையைப் பட்டியல்ல ஒட்ட முடியாதுண்ணே. இதுவரைக்கும் நம்ம ஆலையைப் பாக்காதவனுக்கும் புரியணும்."

கெங் முணுமுணுத்துக்கொண்டே எழுந்துபோய் அளந்து வந்தான்.

மூன்று மதியங்கள் இப்படியே போயின. டையோடு சப்ளை செய்யும் இரண்டு கம்பெனிகளில் இரண்டாவது அனுப்பும் ரீல் சுருளில் அது தலைகீழாகத்தான் வரும், மெஷினில் திருப்பிப் போட வேண்டும். மைக் மழைக்காலத்தில் ஈரம் குடித்துவிடும், காய வைத்துத்தான் ஏற்ற வேண்டும். அவன் சொல்லச் சொல்ல அவள் விடாமல் கேட்டாள். எத்தனை மணி நேரம்? எத்தனை டிகிரி? எந்த ரீல்? தெரியாததற்கு அவன் மறுநாள் சோதித்துப் பார்த்து எண்ணோடு வந்தான்.

நாற்பத்தோராவது குறிப்பும் முடிந்தபோது அவன் நாற்காலியில் சாய்ந்தான்.

"எட்டு வருஷமா எவனும் இதையெல்லாம் என்கிட்ட கேட்டதில்ல. நீதான் கேட்ட. தலை லேசாயிடுச்சு, தங்கச்சி."

தன் தட்டிலிருந்த பொரித்த முட்டையை எடுத்து அவள் கிண்ணத்தில் வைத்துவிட்டு, லைனுக்குப் போனான். பெய்லிங் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அவன் போனதும் ஜெர்மன் கம்பெனியின் மேலாளருக்கு எழுதினாள்: "ஐயா, நீங்கள் ரகசியமாகக் கேட்டபடி பட்டியலை முழுமையாக்கிவிட்டேன். நீங்கள் ஆர்டரை நிறுத்தி இந்த ஆலை மூடப்படும் அடுத்த மாதமே வியட்நாமில் நீங்கள் வேலையைத் தொடங்கலாம். இங்கிருந்து அங்கே ஒரே ஒருவரைத்தான் எடுத்துக்கொள்வீர்கள், அது நான்தான் என்று சொன்னதை மறக்க வேண்டாம்."

மூன்றாம் நாள் பதில் வந்தது: "மிக நன்று. வியட்நாமில் உங்கள் குறிப்புகளை மட்டுமே பார்த்து சோதனைக்கான முதல் போர்டைப் பிழையில்லாமல் செய்துவிட்டார்கள். எனவே உங்கள் ஆலையிலிருந்து இனி யாரும் வரத் தேவையில்லை."