காந்தாரம் மட்டும்

ஸ, ரி வரைக்கும் ரோசியம்மா சுத்தமாகத்தான் பாடினாள்.

அடுத்த சுரமான காந்தாரத்தில் வந்து சறுக்கினாள்.

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அவள் புருஷன், பழவேற்காட்டுக் கோட்டையின் ஒல்லாந்துத் துரை, தலையை ஆட்டிச் சிரித்தான். பிடில் வாசிக்கிற ஆள். அவன் காதை ஏமாற்ற முடியாது.

தம்புரா மீட்டிக்கொண்டிருந்த காசியம்மாள்தான் சொல்லிக்கொடுக்கிறவள்.

பஞ்சத்தில் ஒரு மூட்டை அரிசிக்குத் தன்னையே விற்றுக்கொண்டு இந்தக் கோட்டைக்குள் வந்தவள் அவள். திருப்பாலைவனத்துக் கோயிலில் பாடினவள் என்று தெரிந்ததும் துரை ஒரு வாக்குக் கொடுத்தான். பெண்டாட்டி ஏழு சுரத்தையும் பிசகாமல் பாடிக் காட்டுகிற அன்றைக்கே ஊருக்குப் போய்விடலாம்.

ஏழே ஏழு சுரம். ஆறு மாதம் போதாதா? மூன்று வருஷம் ஓடிவிட்டது.

ஊர் என்ன சீமையிலா இருக்கிறது? விடியலில் நடந்தால் வெயில் ஏறுமுன் போய்விடலாம். அங்கே அக்காளிடம் விட்டுவந்த கைக்குழந்தை இந்நேரம் ஓடியாடும். அம்மா யாரென்றே அதற்குத் தெரியாது.

ஸட்ஜமும் பஞ்சமமும் அசையாது, அதுகளைப் பிடித்துக்கொண்டால் மற்றது தானாக வரும் என்று சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

இன்னொரு தரம் பாடச் சொல்லிவிட்டு, தம்புராவின் சுருதியைக் கொஞ்சம் ஏற்றினாள். புதுச் சுருதியிலாவது வந்து தொலையட்டுமே.

ரோசியம்மாவும் கூடவே ஏறினாள். ஆறு சுரத்தில் ஒரு குற்றம் சொல்ல முடியாது. காந்தாரம் மட்டும் முன்பு போலவே மயிரிழை தாழ்ந்து நின்றது.

துரை உச்சுக்கொட்டிவிட்டுப் படியிறங்கிப் போனான்.

காசியம்மாளின் விரல் தந்தியிலேயே நின்றுவிட்டது. காது இல்லாதவள் ஒரு நாள் மேலே போவாள், ஒரு நாள் கீழே போவாள். சுருதியை மாற்றியும் அதே மயிரிழை என்றால்?

சரியான இடம் தெரிந்தவளால்தான் அப்படி அளந்து தப்பாகப் பாட முடியும்.

ரோசியம்மா எழுந்து கதவைச் சாத்தினாள். தமிழ் பேசுகிற பறங்கி வீட்டில் பிறந்தவள், துரையின் பாஷை இன்னும் நாலு வார்த்தைக்கு மேல் வராது. திரும்பி வந்து உட்கார்ந்து, ஏழு சுரத்தையும் ஏறியும் இறங்கியும் பாடினாள்.

காந்தாரம் அத்தனை சுத்தம். காசியம்மாளின் வாயில் ஆகா என்று வந்தேவிட்டது. அதற்கப்புறம்தான் அழுகை வந்தது.

"நீ போய்ட்டா இந்தக் கோட்டையில என்னாண்ட பேச யாரு இருக்காங்க, காசி?" என்றாள் ரோசியம்மா.