இரண்டு மணித்தியாலம்

மன்னார் பஜாரில் மத்தியான வெயில் புதுக் கற்களின் மேல் வெள்ளையாகக் கொதிக்கிறது. அரசாங்கக் காசில் நகரை அழகுபடுத்தியிருக்கிறார்கள். கம்பிக் கூட்டுக்குள் நட்ட மரக்கன்றுகள் வாடி நிற்கின்றன. விளக்குக் கம்பம் ஒன்று பகலிலும் எரிகிறது. 'வருகை தருவோர் வாகனத் தரிப்பிடம். இலவசம். இரண்டு மணித்தியாலம் மட்டும்' என்ற பலகையின் நிழலில் இரண்டு கழுதைகள் கண்மூடி நிற்கின்றன. அவற்றுக்கு நேரக் கணக்கு இல்லை. பக்கத்தில் றஹீமாவின் தள்ளுவண்டி, அதன்மேல் கருவாடு. இருபத்திரண்டு வருடம் இதே இடத்தில் சாக்கு விரித்து விற்றவள். இப்போது நிலத்தில் கடை விரிக்கத் தடை. வண்டி என்றால் வாகனக் கணக்கில் இரண்டு மணித்தியாலம் நிற்கலாம். காவலாளி செபமாலை கைக்கடிகாரத்தைப் பார்க்கிறான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"ராத்தா, நேரம் முடிஞ்சுது."

"ஓம் தம்பி, தெரியும்."

முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுகிறாள். வண்டியின் ஒரு சக்கரம் கல் இடுக்கில் கிறீச்சிடுகிறது. தெருவில் இறங்கி, சுற்றுவட்டத்தை ஒருதரம் சுற்றி, தரிப்பிடத்தின் அதே வாசலுக்குத் திரும்புகிறாள். இன்றைக்கு இது மூன்றாம் தடவை. ஈக்களும் கூடவே சுற்றி வந்திருக்கின்றன. செபமாலை வாசலுக்குக் குறுக்கே கட்டிய சங்கிலியைத் தூக்கிப் பிடிக்கிறான். உள்ளே வரும் எல்லோருக்கும் சொல்லச் சொல்லி நகரசபைக் கந்தோரில் பழக்கிய வார்த்தையை, தலையைக் குனிந்தபடி அவளுக்கும் சொல்கிறான்.

"வாங்கோ. மன்னார் உங்களை வரவேற்குது."