வெண்ணெய் மேல் விழுந்த பழி

“முன்னூத்தி இருபதா? எங்க பேக்கரி அடுப்புகூட அந்த அளவுக்கு ஏறாதே டாக்டர்!” என்று அலறினாள் பேக்கரிக்காரரின் மனைவி.

டாக்டரம்மா ரிசல்ட்டை இன்னொரு முறை பார்த்தார். “கொலஸ்ட்ரால் இருநூறுக்குள்ள இருக்கணும்மா. இது ரொம்ப அதிகம்.”

பேக்கரிக்காரர் திருதிருவென்று விழித்தார். நாற்காலி கொள்ளாத உடம்பு. கடையிலிருந்து நேராக வந்ததால் சட்டையெல்லாம் மாவு. அவருக்குப் பக்கத்தில் துணைக்கு வந்த மச்சான், அதாவது மனைவியின் தம்பி. பக்கவாட்டில் திருப்பி நிறுத்தினால் ஆள் இருப்பதே தெரியாது. வெள்ளரிக்காயைத் தவிர வேறு எதையும் நம்பாதவன்.

“நாம பேசினது ஞாபகம் இருக்கில்ல?” என்று கணவர் பக்கம் திரும்பினாள் மனைவி. “இருநூறைத் தாண்டினா கேக்கை வாயில வைக்கவே கூடாது. ருசி பார்க்கிறேன்னு கிரீம்ல விரலை விடுறது, உடைஞ்ச பிஸ்கட் வீணாகுதேன்னு முழுங்குறது, எல்லாத்துக்கும் இன்னியோட முழுக்கு!”

“ருசி பார்க்காம எப்படிம்மா கேக் போடுறது? கண்ணைக் கட்டிக்கிட்டு வண்டி ஓட்டச் சொல்றியே!” பேக்கரிக்காரருக்கு அழுகையே வந்துவிட்டது. மனிதருக்கு உலகத்தில் இருந்த ஒரே சந்தோஷம் அதுதான்.

“ருசி பார்க்க என் தம்பி இருக்கான். நாளையிலேருந்து கடையில போடுற எல்லாத்தையும் அவன் தின்னு பார்ப்பான். அவனுக்குத்தான் எதுவும் உடம்புல ஒட்டாதே.”

“ஐயோ, நான் மாட்டேன்!” என்று பதறினான் மச்சான்.

வழக்கமாக அவன் இப்படிப்பட்ட நேரத்தில் சும்மா இருக்கிற ஆளே இல்லை. மாமா பிஸ்கட்டை எடுத்தால் பிடுங்கிக்கொண்டு, வெண்ணெய் ஒரு விஷம் என்று அரை மணி நேரம் பிரசங்கம் செய்வான். இன்றைக்கு முகம் வெளிறி, வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தான்.

“டாக்டர், வெண்ணெயே தொடாதவங்களுக்கும் இது வருமா?”

“என்னடா, திடீர்னு மாமாவுக்கு வக்காலத்து?” என்றாள் அக்கா.

“தாராளமா வரும்,” என்றார் டாக்டரம்மா. “நம்ம உடம்புல இருக்கிற கொலஸ்ட்ரால்ல பெரும்பகுதி உடம்பே செஞ்சுக்கிறதுதான். முக்கியமா கல்லீரல். அதையும் ஒரு பேக்கரின்னு வெச்சுக்குங்களேன்.”

பேக்கரி என்றதும் பேக்கரிக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“உடம்புல எல்லா செல்லுக்கும் அந்தச் சரக்கு வேணும். ஆனா அது ரத்தத்துல கரையாது. அதனால வண்டியில ஏத்தித்தான் அனுப்பணும். ஒரு வண்டி கொண்டுபோய்க் கொடுக்கும். இன்னொரு வண்டி மிச்சத்தைத் திரும்ப எடுத்துக்கிட்டு வரும்.”

“ரிட்டர்ன் எடுக்கிற வண்டி! எங்ககிட்டயும் ஒண்ணு ஓடுது,” என்றார் பேக்கரிக்காரர் பெருமையாக.

“நீங்க சும்மா இருங்க,” என்று அதட்டினாள் மனைவி.

“கொடுக்கப் போன வண்டி சுத்திட்டு வந்ததும், கல்லீரல் கதவைத் திறந்து அதை உள்ள இழுத்துக்கும். சரக்கு போதும்னா செய்யறதையும் குறைச்சுக்கும். சிலருக்குப் பிறவியிலேயே அந்தக் கதவு கம்மி. வண்டியெல்லாம் ரத்தத்துலயே சுத்திக்கிட்டிருக்கும். கல்லீரலோ, சரக்கு பத்தலன்னு நினைச்சு மேல மேல செஞ்சு தள்ளும். ஒல்லி, குண்டெல்லாம் அதுக்குத் தெரியாது.”

“அடப்பாவி கல்லீரலே!” என்று முனகினான் மச்சான். “அப்போ வெள்ளரிக்காயெல்லாம் வீணா டாக்டர்?”

“வீணில்ல தம்பி. இந்த மாதிரி கேஸுக்கு அது மட்டும் பத்தாது.”

“ஆள் பிழைச்சுக்குவாரா?” மச்சானின் குரல் உடைந்தது. “கல்யாணம் பண்ணிக்கலாமா?”

“அவருக்கு எதுக்குடா இன்னொரு கல்யாணம்?” என்று சீறினாள் அக்கா.

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டார். “பயப்படாதீங்க, மாத்திரை இருக்கு. ஒழுங்கா சாப்பிட்டா நல்லா இருக்கலாம். ஆனா, இது பரம்பரையா வர்ற மாதிரி தெரியுது. கூடப் பிறந்தவங்களும் டெஸ்ட் எடுத்தாகணும்.”

“அப்படிச் சொல்லுங்க!” மனைவிக்கு உற்சாகம் பொங்கியது. “எல்லாம் இவங்க வம்சத்துக் கொழுப்பு. பேச்சுலயும் கொழுப்பு, ரத்தத்துலயும் கொழுப்பு! எங்க வீட்டு ஆளுங்க ரத்தமெல்லாம் பளிங்கு மாதிரி இருக்கும். நாளைக்கே இவரோட அண்ணன், தங்கச்சி எல்லாரையும் தரதரன்னு இழுத்துக்கிட்டு வரேன்.”

மச்சான் மாமாவைப் பார்த்தான். மாமா கூரையைப் பார்த்தார்.

“உறுதி பண்ணிக்க இன்னொரு தடவை ரத்தம் எடுத்துடலாம்,” என்று மணியை அழுத்தினார் டாக்டரம்மா.

லேப் பெண் ஊசியும் பஞ்சுமாக வந்தாள். பேக்கரிக்காரர் அவசர அவசரமாகச் சட்டைக் கையை மடித்துவிட்டு, தூண் மாதிரி இருந்த கையை நீட்டினார். அவள் அவரைத் தாண்டிப் போய், மச்சானின் குச்சிக் கையைப் பிடித்தாள்.

“வாங்க பேக்கரி சார்! போன தடவை ரத்தம் எடுக்கிறப்போ ‘எல்லாம் உங்களாலதான் மாமா’ன்னு ஊரைக் கூட்டின மாதிரி இன்னிக்கும் கத்தாதீங்க.”

டாக்டரம்மா மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, வாயைப் பிளந்தபடி உட்கார்ந்திருந்த அக்காவிடம், “இவர் உங்க கூடப் பிறந்த தம்பிதானேம்மா? நீங்களும் அப்படியே கையை நீட்டுங்க,” என்றார்.