கீழ் விளிம்புக்கு அப்பால்

தன் பார்வை மங்கி வருவதைப் பதிப்பகத்தில் யாரிடமும் நாச்சியார் சொல்லவில்லை. தெரிந்தால் மெய்ப்புப் பார்க்கும் வேலை போய்விடும். மற்றவர்கள் சாப்பிடப் போன நேரத்தில், தன் லினக்ஸ் கணினியில் எழுத்துகளையும் ஐகான்களையும் இரண்டு மடங்காக்கினாள். எல்லாம் வீங்கிப் பெருத்தன. 'இந்த அளவையே வைத்துக்கொள்ளலாமா?' என்று கேட்டு ஒரு பெட்டி வந்தது. அதுவும் பெருத்திருந்ததால் பொத்தான்கள் திரையின் கீழ் விளிம்பைத் தாண்டி, கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போயிருந்தன. யாரும் அழுத்தாவிட்டால் பெட்டியில் ஓடும் நொடிகள் குறைந்து தீர்ந்ததும் பழைய அளவு தானாகத் திரும்பிவிடும். கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள். குறைந்துகொண்டே வந்த நொடிகள் பாதியில் நின்றுவிட்டன.

கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் எழிலனை அழைத்து, போனை ஸ்பீக்கரில் போட்டாள். ஏதோ கைபட்டு எல்லாம் பெருத்துவிட்டது, பெட்டியில் நொடிகள் பாதியில் நிற்கின்றன என்றாள்.

"பெட்டியில உள்ள பொத்தான அழுத்திப் புடிச்சிட்டிருந்தாத்தான் அப்படி நிக்கும் மேடம். விரல எடுங்க."

"நான் எதையும் தொடலப்பா."

"சரி, கீபோர்டுல ஆல்ட்ட அழுத்திக்கிட்டு மவுஸால பெட்டியப் புடிச்சு மேல இழுங்க. அடியில இருக்கறது வந்துடும்."

இழுத்தாள். பெட்டி சற்றே ஏறி, அடியில் யாரோ பிடித்துக்கொண்டதுபோல் நின்றது. இன்னும் இழுத்தாள். வெடுக்கென்று பழைய இடத்துக்கே இறங்கியது.

நாச்சியார் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி, இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

"வருதா மேடம்?"

பெட்டி மெல்ல, தானாகவே, மேலே ஏறத் தொடங்கியிருந்தது.

"வருது" என்றாள்.