கன்னத்தில் கை வைத்தவள் வீடு

சத்தியமாகச் சொல்கிறேன். இதில் ஒரு எழுத்து பொய் என்றாலும் என் பல் முப்பத்திரண்டும் கொட்டிப்போகட்டும். கொட்டுவதற்கு இப்போது ஒன்றும் மிச்சமில்லை என்பது வேறு விஷயம்.

எங்கள் ஊருக்கு வருகிறவர்கள் கடலைப் பார்க்க வருவதில்லை. அழ வருகிறார்கள்.

ஐம்பது வருடம் முன்னால் ஓர் எழுத்தாளர் இங்கே ஒரே ஒரு நாள் தங்கினார். விடுதிக்கு எதிர்வீட்டு மாடி ஜன்னலில் ஒரு பெண். இடது கன்னத்தில் கை. கண்ணில் தாரை தாரையாக நீர். பார்வை கலங்கரை விளக்கத்தின் பக்கம்.

மறுநாள் காலை அவர் பஸ் ஏறிவிட்டார். போய் நானூறு பக்கம் எழுதினார். கப்பலேறிப் போன காதலனுக்காக ஒருத்தி ஜன்னலிலேயே காத்திருந்து, கடைசிப் பக்கத்தில் அங்கேயே உயிரை விடுகிற கதை. படித்தவர்கள் எல்லாம் கதறினார்கள்.

அந்த வீட்டைச் சுற்றிக் காட்டித்தான் பிழைக்கிறான் எங்கள் கைடு. ஊர் அவனுக்கு வைத்த பெயர் 'அளப்பு'.

அன்றைக்கும் முப்பது பேர் வரிசையில். ஒவ்வொருவராக ஜன்னலில் நின்று, கன்னத்தில் கை வைத்து, அழுது, போட்டோ எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். புது மாப்பிள்ளை ஒருவன் பெண்டாட்டியை மிஞ்சித் தேம்பினான்.

"மூக்கைத் துடைங்க, போட்டோல தெரியுது" என்றாள் அவள்.

"எல்லாரும் நில்லுங்க!"

குரல் கொடுத்தவர் ரிட்டயர்டு தலைமையாசிரியை. கையில் அந்த நாவல். பக்கத்துக்குப் பக்கம் காகிதத் துண்டு சொருகியிருந்தது.

"புத்தகத்துல பதினேழு படி. நான் ஏறினது பன்னிரண்டு. மிச்சம் அஞ்சு எங்கேப்பா?"

"தேய்ஞ்சு போச்சுங்க டீச்சரம்மா. கூட்டம் அப்படி."

"ஜன்னல்ல நின்னா கலங்கரை விளக்கம் தெரியணும். இங்கே தண்ணித் தொட்டி தெரியுது!"

"சோகம் தாங்காம அது கொஞ்சம் தள்ளிப் போயிருச்சுங்க."

கூட்டம் சிரித்தது. டீச்சரம்மா சிரிக்கவில்லை.

"கணக்கு டீச்சருக்கே காது குத்துறியா? என் வீட்டுக்காரர் போனப்போ இந்தப் புத்தகத்துல இருக்கிறவளை நினைச்சுத்தான் நான் எழுந்து நடமாடினேன். அவளை வச்சு ஏமாத்துறியா? இதோ சுற்றுலா ஆபீசுக்குப் போறேன். சாயங்காலத்துக்குள்ள உன் லைசன்சு போகுது பார்!"

அளப்பின் முகம் வெளுத்துவிட்டது. அந்த அட்டை போனால் அவனுக்கு வேறு பிழைப்பு தெரியாது.

"பத்தே நிமிஷம் என் கூட வாங்கம்மா. அப்புறம் எங்கே வேணா போங்க."

பின் தெருவில் ஒரு பழைய மாடி வீடு. டீச்சரம்மா எண்ணிக்கொண்டே ஏறினார். பதினேழு. மேலே போனால் ஜன்னல். ஜன்னலுக்கு நேரே, கம்பீரமாகக் கலங்கரை விளக்கம்!

அவர் கை தானாகக் கன்னத்துக்குப் போனது.

"டேய் அளப்பு! இன்னைக்கு எத்தனை பேரை அழ விட்டே?"

ஜன்னலோரம் சாய்வு நாற்காலி நிறைய ஓர் அம்மாள். எழுபது வயது. வேர்க்கடலையை நறநறவென்று மென்றுகொண்டு, கீழே போன தபால்காரரை வம்புக்கு இழுத்துக்கொண்டிருந்தாள்.

டீச்சரம்மாவுக்கு நாக்கு குழறியது. "நீங்க... நானூறாம் பக்கத்துல செத்துட்டீங்களே!"

"அப்படித்தான் வந்தவங்க எல்லாம் சொன்னாங்க. கடலை எடுத்துக்கோம்மா."

அளப்பு குரலைத் தாழ்த்தினான். "முதல்ல எல்லாரும் இங்கேதான் வந்துட்டிருந்தாங்க. அத்தை சிரிச்சா கோவிச்சுக்குவாங்க. 'இவ்வளவு குண்டா இருக்கீங்களே'ன்னு ஒருத்தி அழுதா. ஒரு பெரிய மனுஷன் 'ஏன் இன்னும் சாகலை'ன்னே கேட்டுட்டாரு. ரெண்டு வருஷம் அத்தை இந்த ஜன்னலைத் திறக்கவே இல்லை. அதான் கூட்டத்தை அந்தப் பக்கம் திருப்பிவிட்டேன். நீங்க பார்த்தது என் வீடும்மா. அழறவங்க இறங்கிப் போற வரைக்கும் என் பொண்டாட்டி சமையலறையில தும்மக்கூட மாட்டா."

டீச்சரம்மா ஒரு பிடி கடலையை அள்ளினார். விறுவிறுவென்று படியிறங்கி நடந்தார்.

"தொலைஞ்சேன்" என்று பின்னாலேயே ஓடினான் அளப்பு.

அவர் போனது சுற்றுலா ஆபீசுக்கு அல்ல, அளப்பு வீட்டுக்கு. அங்கே கூட்டம் இன்னும் கலையவில்லை. 'மோசடி, மோசடி' என்று முணுமுணுப்பு. டீச்சரம்மா கடைசிப் படியில் ஏறி நின்றார்.

"நான்தான் தப்பா எண்ணிட்டேன். பதினேழுதான். முப்பத்தஞ்சு வருஷம் கணக்குப் பாடம் எடுத்தவ சொல்றேன். யாருக்காவது சந்தேகம் இருக்கா?"

ஒருவரும் கை தூக்கவில்லை.

கீழே இறங்கும்போது அளப்பின் காதோடு சொன்னார்: "அந்தத் தண்ணித் தொட்டி மேல ஒரு பெரிய விளக்கை மாட்டித் தொலைடா, மக்கு!"

அது சரி, ஐம்பது வருடம் முன்னால் அந்தப் பெண் எதற்கு அழுதாள்?

கடைவாய்ப் பல். மூன்று நாளாகத் தெறிக்கிற வலி. ஊரில் இருந்த ஒரே பல் ஆஸ்பத்திரி கலங்கரை விளக்கத்துக்குக் கீழே. வெளியூர் போன டாக்டர் எப்போது வந்து கதவைத் திறப்பான் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். எழுத்தாளர் பஸ் ஏறிய அன்று மத்தியானம் அவன் கப்பலில் வந்து இறங்கினான். பல்லைப் பிடுங்கினான். அடுத்த மாதமே தாலியும் கட்டினான்.

இன்னும் அரை நாள் தங்கியிருந்தால் அந்த மனிதருக்கு நானூறு பக்கக் காகிதம் மிச்சமாகியிருக்கும்.

யார் சொன்னது என்று மட்டும் யாரிடமும் மூச்சு விடாதீர்கள். நான் இப்போது பதினேழு படி ஏறி என் வீட்டுக்குப் போயாக வேண்டும். அன்றைக்கு நான் பிடுங்கியது ஒரே ஒரு பல்தான்.