கடலைப் பார்த்த பெஞ்சு

கடலோரப் பாதையில் இருந்த பழைய மரக் கொட்டகையை இரண்டு பேர் பெயர்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த இடத்தில் வரப்போகும் புதிய கொட்டகைக்கு நான் போட்ட வரைபடத்தைக் காற்று பிடுங்கிவிடாதபடி இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஜனவரி. மணி மூன்றுதான். வடகோடிக் கடலோர ஊரான ஸ்கார்விக்கில் அதற்குள் தெருவிளக்கு எரிந்தது.

கார்பட் வந்து பக்கத்தில் நின்றார். எண்பது வயதிருக்கும். இந்தக் கொட்டகை பற்றி நகராட்சி நடத்திய ஐந்து கருத்துக்கேட்புக் கூட்டங்களுக்கும் வந்தவர். ஒன்றிலும் வாய் திறக்காதவர்.

"குளிர்காலத்துல இங்க கடல் பார்க்க வர்றவன் ஒண்ணு கிறுக்கனா இருக்கணும், இல்ல நாய் வச்சிருக்கணும். அவங்களுக்காகவா, ஹெஸ்டர், நீ இவ்வளவும் செய்யற?"

"அவங்களுக்கும்தாங்க."

வரைபடத்தைக் காட்டினேன். கடைசி வெயில் மடியில் விழும்படி தென்மேற்கு பார்த்த இருக்கைகள். இரும்பு உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும் என்பதால் எல்லாம் மரம். எழுந்திருக்கக் கைப்பிடி. சாலைப் பக்கத்துச் சுவர் மட்டும் முழுக்கக் கண்ணாடி.

"இந்தக் கண்ணாடிக்காக மூணு தடவை சண்டை போட்டியாமே. வேலையையே விட்டுடுவேன்னியாம்."

"உள்ள இருக்கறவங்க வெளியில தெரியணும்" என்றேன்.

அவர் கையுறையைக் கழற்றி, தாளில் கண்ணாடி வரும் கோட்டின் மேல் விரலை வைத்தார். அப்படியே வைத்துக்கொண்டு, தன் மனைவி டோரீனைப் பற்றிச் சொன்னார்.

நான்கு வருடங்களுக்கு முன்பு, இதே மாதம். ரொட்டி வாங்கப் போனவள், வழியில் இந்தக் கொட்டகையில் சற்று உட்கார்ந்திருக்கிறாள். உட்கார்ந்த இடத்திலேயே பக்கவாதம் வந்துவிட்டது. கண் திறந்திருந்தது, பேச்சு வரவில்லை, கை எழவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு மேல் உயிர் இருந்திருக்கிறது என்றார் மருத்துவர்.

கொட்டகை மணல் பக்கம் மட்டுமே திறந்திருந்தது; சாலைப் பக்கம் மரச்சுவர் மறைத்ததால் அங்கே போன யாருக்கும் அவள் தெரியவில்லை. பஸ்கள் போய்க்கொண்டே இருந்திருக்கின்றன. தேடிக்கொண்டு இவர் வந்தபோது மணி ஐந்தரை.

"ஒரே ஒரு ஆறுதல் கண்ணு. அன்னைக்கு அடிச்ச குளிருக்கு மணல் பக்கம் ஒரு ஈ காக்கா வந்திருக்காது. யாரும் பார்த்துட்டுப் போகல. காப்பாத்துவாங்கன்னு நம்பி அவ ஏமாறல."

"வந்திருக்க மாட்டாங்க" என்றேன்.

அவர் என் கையை அழுத்திவிட்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். அந்தக் கை சூடாக இருந்தது.

பின்னால் ஒரு பலகை முறிந்து விழுந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

டோரீன் இறந்த அந்த ஜனவரியில்தான் நகராட்சி என்னை முதல்முறை இங்கே அனுப்பியது. குளிர்காலத்தில் கடற்கரைக்கு யார் வருகிறார்கள், எவ்வளவு நேரம் இருக்கிறார்கள் என்று மணலில் நடந்தபடி குறித்துக்கொள்ளும் வேலை.

அந்தக் குறிப்பேட்டை நான் இன்னும் எறியவில்லை.

மூன்று பத்து: கொட்டகையில் வயதான பெண்மணி, தனியாக. கையசைத்தேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான்கு மணி: இன்னும் இருக்கிறார். நிம்மதியான முகம். தொந்தரவு செய்ய மனம் வரவில்லை.